பின் இருக்கையில் வெர்லன் டிட்மோர்

வெர்லன் டிட்மோர் மீன் பிடிக்காதவர். எங்கள் ஊரில் இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள், ஒருவருக்குக் காது கேட்காது என்று சொல்வதைப் போல. கண்டர்ஸ்வில் ஏரியின் ஓரத்தில் பிறந்து, அறுபதை நெருங்கும்வரை தூண்டிலைத் தொடாமல் இருந்துவிட்ட ஆண்கள் இங்கே அதிகம் இல்லை. ஏரி அவர் வீட்டுப் பின்புறம்வரை வரும். அவர் அதை ஒரு பக்கத்து வீட்டுக்காரரைப் போல நடத்தினார். இருக்கிறது என்று தெரியும், உள்ளே போனதில்லை.

மலைமேட்டில் இருக்கும் கோழிப் பண்ணைகளுக்கு கேஸ் நிரப்பும் லாரியை ஓட்டினார். குஞ்சுகளுக்குக் குளிர் ஆகாது. குளிர்காலத்தில் ஒரு பண்ணையில் கேஸ் தீர்ந்தால் விடிவதற்குள் கொட்டகை முழுக்கச் செத்துக் கிடக்கும். அதனால் பண்ணைக்காரர்கள் வெர்லனை மழையை எதிர்பார்ப்பது போல எதிர்பார்த்தார்கள். நான் அதே கம்பெனியின் அலுவலகத்தில் போன் எடுப்பவன். லாரியிலிருந்து வயர்லெஸ்ஸில் அவர் பேசுவது இரண்டே சொற்கள்தான். "வந்துட்டேன்." பிறகு, "முடிஞ்சுது." இடையில் என்ன நடந்தாலும் அது அவருக்கும் கோழிகளுக்கும் இடையிலானது.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு பிப்ரவரி காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீ அந்த மீன் கிளப்புல இருக்கியாமே."

"ஆமா, சார். எங்கிட்ட படகு இல்ல. பின் சீட்டுதான்."

"படகு இல்லாதவங்களையும் சேத்துக்குவாங்களா?"

"சேத்துக்குவாங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டு யார் படகுல யார்னு சொல்லுவாங்க."

"ஷேன் படகுல விழுமா?"

ஷேன் அவருடைய மகன். அவனும் கிளப்பில் இருந்தான். எங்களில் நன்றாக மீன் பிடிப்பவர்கள் நாலைந்து பேர், அதில் அவன் ஒருவன். அப்பாவும் மகனும் பேசி மூன்று வருடம் ஆகிவிட்டது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரியும். எங்களில் பாதிப்பேர் அப்போது அந்தச் சர்ச்சுக் கூடத்தில்தான் இருந்தோம்.

வெர்லனின் மனைவி நெல்டா நெடுநாள் படுக்கையில் கிடந்து, ஒரு சனிக்கிழமை முற்பகலில் இறந்துபோனார். அன்று கிளப்பின் போட்டி. ஷேன் ஏரியின் மறுகோடியில், போன் சிக்னல் கிடைக்காத ஓர் ஓடைக்குள் இருந்தான். அடக்கம் முடிந்து சர்ச்சின் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் பொரித்த கோழியும் அவரைக்காய்க் குழம்பும் உருளைக்கிழங்குத் தட்டுகளும் பரப்பி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு உறவுக்கார அம்மாள் ஷேனிடம், "களைச்சுப் போயிருக்கியேப்பா, உக்காந்து சாப்பிடு" என்றார். வரிசையில் முன்னால் நின்ற வெர்லன் திரும்பாமலே சொன்னார்.

"அவன் ஏன் களைக்கப்போறான். அம்மா சாகறப்ப மீன் பிடிச்சிட்டு இருந்தவன்."

எப்போதும் முணுமுணுக்கும் குரல் அன்று கூடத்தின் கடைசி மேசைவரை கேட்டது. ஷேன் தட்டை மேசைமேல் வைத்தான். அதில் இன்னும் எதுவும் போடப்படவில்லை. வெளியே போனான். அதற்குப் பிறகு இருவரும் ஒரே சாலையில் குடியிருந்தார்கள், ஒரே பங்கில் பெட்ரோல் போட்டார்கள். எங்கள் பக்கம் எதிரே வரும் எந்த வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவோம். தெரிந்தவர், தெரியாதவர், கடன்காரர், பகையாளி, எல்லோருக்கும். ஷேன் அப்பாவின் லாரிக்கு மட்டும் விரலைத் தூக்கவில்லை.

அந்த வாரமே மிஸ் ஃபேயின் கடைக்கு வெர்லனைக் கூட்டிப்போனேன்.

படகுத்துறைக்குப் போகும் வழியில் தகரக் கூரை போட்ட கடை. ஒரு சுவர் முழுக்க பொய்யிரைகள் தொங்கும். இந்த ஏரியில் எல்லோரும் தேடுகிற பாஸ் மீனுக்கு உயிருள்ள புழு போடுவதை எங்கள் கிளப் ஒத்துக்கொள்ளாது. ரப்பரும் ஈயமும் தகடும் இறகும்தான். மீன் பசியால் மட்டும் கடிப்பதில்லை, எரிச்சலாலும் கடிக்கும், தன் இடத்துக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்ற கோபத்தாலும் கடிக்கும் என்பார்கள். வெர்லன் அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். செர்ரிச் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், மயில் கழுத்து நிறம். ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தொட்டு, அது ஆடி நிற்கும்வரை பார்த்துவிட்டு அடுத்ததைத் தொட்டார்.

மிஸ் ஃபே அவரோடு பள்ளியில் படித்தவர். கல்லாவுக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்தார்.

"வெர்லன், வழி தெரியாம வந்துட்டியா? கேஸ் டாங்க் பின்பக்கம் இருக்கு."

"ஒண்ணும் தெரியாதவனுக்கு எதெது வேணும், ஃபே?"

"ஒண்ணும் தெரியாதவன் எல்லாத்தையும் வாங்குவான். எனக்கு லாபம். என்ன, திடீர்னு?"

வெர்லன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படகுல ஏறிட்டா சாயங்காலம்வரைக்கும் எறங்க முடியாதில்ல."

மிஸ் ஃபே என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கிண்டல் முகத்திலிருந்து போய்விட்டது.

"அவன் போன் வெச்சிடுவான், கதவைச் சாத்திடுவான்," என்றார் வெர்லன். "படகுல கதவு இல்ல."

"சரி," என்றார் மிஸ் ஃபே. "உக்காரு."

"ஷேன் என்ன போடறான்? அதையே குடு."

"அது சொல்லமாட்டேன்."

"நான் அவன் அப்பா."

"நீ ஜனாதிபதியா இரு. இந்தக் கடைல யார் எத வாங்கினாங்கன்னு வெளிய போகாது. எதுக்குக் காக்கிப் பையில போட்டு பின் அடிச்சுக் குடுக்கறேன்னு நெனச்சே?"

அது உண்மை. இந்த ஊரில் ஒருவன் யாரோடு படுக்கிறான் என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும்; எந்த நிற ரப்பர் புழு வாங்கினான் என்பது அவன் சாகும்வரை தெரியாது.

"அப்புறம், அவன் போடறதையே நீயும் போட்டா ஒண்ணும் கடிக்காது," என்றார். "முன்னால நிக்கறவன் படகை ஓட்டுவான், நல்ல தண்ணில மொதல்ல வீசுவான். பின்னால இருக்கறவனுக்கு அவன் வீசி முடிச்ச தண்ணிதான். ஒரு பாத்திரத்துல ரெண்டாவது கரண்டி நீ. அவன் வேகமா இழுத்தா நீ மெதுவா இழுக்கணும். அவன் சத்தம் போட்டா நீ சத்தம் போடாதே. அவன் வேணாம்னு விட்டதுதான் உன்னுது."

"அது எனக்குப் பழக்கம்தான்," என்றார் வெர்லன். சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மிஸ் ஃபே ஐந்து வகை எடுத்து வைத்தார். ஈயம் கட்டாமல் இலை விழுவது போலத் தண்ணீரில் இறங்கும் ரப்பர் புழு, பூசணிக்காய்த் தோலின் பச்சை. கம்பியில் தகடு சுழலும் இரை, கலங்கல் தண்ணீருக்கு. ஈயத் தலையில் ரப்பர் பாவாடை கட்டியது, பாறைக்கும் மரக்கட்டைக்கும். வயிற்றுக்குள் மணி கிலுகிலுக்கும் சிவப்பு மீன், குளிர்காலம் முடிகிற சமயத்துக்கு. கடைசியாக ஒரு ரப்பர் தவளை. முள் அதன் முதுகோடு படிந்திருக்கும். பாசிமேல் இழுத்தாலும் சிக்காது.

"அஞ்சுதானா? சுவர் பூரா தொங்குதே."

"சுவர்ல இருக்கறது தெரிஞ்சவங்களுக்கு. தெரியாதவனுக்கு அஞ்சே அதிகம்."

வெர்லன் எலுமிச்சை மஞ்சளில் ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அது எதற்கும் உதவாது என்று மிஸ் ஃபே சொன்னார். "தெரியும், அழகா இருக்கு" என்று வைத்துக்கொண்டார்.

கிளப்பின் குலுக்கல் மாதம் ஒருமுறை, வியாழன் மாலையில், அந்தக் கடையின் பின்கூடத்தில் நடக்கும். படகுக்காரர்களின் பெயர்ச் சீட்டுகள் ஒரு வாளியில், படகில்லாதவர்களின் சீட்டுகள் இன்னொன்றில். கிளப் தலைவர் டாயல் பைனம் இரண்டிலும் ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். முடிதிருத்துபவர் அவர், பேசாமல் இருந்தால் கை நடுங்கும். மார்ச் மாதம் வெர்லனின் பெயர் முதன்முதலில் வாளியில் விழுந்தபோது ஷேன் சுவரில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் வேறு ஒருவர். ஏப்ரலில் வேறு ஒருவர். சனிக்கிழமை விடியலில் வெர்லன் யாராவது ஒருவரின் படகில் பின் இருக்கையில் ஏறிப் போவார். மாலையில் வெறுங்கையோடு வருவார். மலைமேட்டுப் பண்ணைகளில் கேஸ் நிரம்பும் நேரத்தில் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தீவன வாளி ஒன்றைத் தள்ளி வைத்து, அதற்குள் விழும்படி தூண்டில் வீசிப் பழகுகிறார் என்று பண்ணைக்காரர்கள் போனில் எனக்குச் சொன்னார்கள். "உங்க டிரைவர் எங்க கோழியப் பிடிக்கப் பாக்கறாரு" என்றார் ஒருவர்.

கிளப்பிலும் அவரை விடவில்லை.

"வெர்லன், இன்னைக்கு என்ன மாட்டுச்சு?"

"என் தொப்பி."

"எத்தன பவுண்டு இருக்கும்?"

"ஈரமா இருக்கறப்ப நல்ல எடைதான்."

கோடையில் சின்னதாக ஓரிரண்டு பிடித்தார். பதினைந்து அங்குலத்துக்குக் குறைந்ததை எடைக்கு வைக்க முடியாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒருமுறை நான் போன படகும் அவர் இருந்த படகும் ஒரே குடாவில் எதிரெதிரே நின்றன. இன்னும் தள்ளி, அல்லி இலைகளின் ஓரத்தில், ஷேனின் படகு. வெர்லன் தூண்டில் கம்பை மடியில் வைத்துவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷேன் வீசும்போது தோள் அசையாது, மணிக்கட்டு மட்டும்தான். இரை தண்ணீரில் விழுந்த வட்டம் முழுதாக அழியும்வரை அவன் நூலைச் சுருட்டத் தொடங்கமாட்டான். வெர்லன் முகத்தில் இருந்தது பெருமை இல்லை. ஒரு வீட்டில் முப்பது வருடம் குடியிருந்துவிட்டு அங்கே இன்னொரு அறை இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்பவரின் முகம் அது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டார்.

"அவன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தானா?"

"எனக்குத் தெரியாது, சார்."

"எனக்கும் தெரியாது," என்றார்.

மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எந்த மாதமும் ஷேனின் சீட்டோடு அவர் சீட்டு வரவில்லை. செப்டம்பரிலும் இல்லை. அக்டோபர் அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. அந்த வியாழன் டாயல் படகு வாளியில் கைவிட்டு, "ஷேன் டிட்மோர்" என்றார். அடுத்த வாளியில் கைவிட்டுச் சீட்டைப் பிரித்தார். படிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கினார்.

"வெர்லன்," என்றார்.

வெர்லன் எழுந்து நின்றார். யாரும் எழுந்து நிற்பது வழக்கமில்லை.

"உக்காரு வெர்லன். இது செல்லாது."

"ஏன்?"

"ரத்த சொந்தம் ஒரே படகுல போகக் கூடாது. கிளப் விதி. ரெண்டு அண்ணன் தம்பி முன்ன ஒருதரம் ஒருத்தன் மீன இன்னொருத்தன் பைக்குள்ள போட்டுட்டானுங்க. அப்ப இருந்து இருக்கு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அந்த விதி நான் கிளப்பில் சேர்வதற்கு முன்பே வந்தது. நானும் அன்றுதான் கேள்விப்பட்டேன். தெரிந்தவர்கள் வசந்தத்திலிருந்தே அவர் எதற்காக வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு மனிதரின் வீட்டு விஷயத்துக்குள் வாயை வைப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அந்த மரியாதையால் யாரும் சொல்லவில்லை. டாயல் உட்பட.

பின்னாலிருந்து ஒருவர், "இவங்க ரெண்டு பேரும் கூட்டு சேந்து ஏமாத்துவாங்கன்னா பயப்படற டாயல்?" என்றார். ஓரிருவர் சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

டாயல் தலையைச் சொறிந்தார். "எல்லாருக்கும் சம்மதம்னா விட்டுடலாம். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஷேன்?"

எல்லோரும் ஷேனைப் பார்த்தோம். அவன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். அப்பாவைப் பார்த்தான். மூன்று வருடத்தில் முதல்முறை.

"என்கிட்ட பேசறதுக்குத்தானே சேந்தீங்க?"

"ஆமா," என்றார் வெர்லன்.

"படகுல. நடு ஏரில. யாரும் இல்லாத எடத்துல."

"ஆமா."

"அன்னைக்குச் சாப்பாட்டுக் கூடத்துல ஊரே இருந்துச்சு," என்றான் ஷேன். சத்தம் போடவில்லை. "விதி விதிதான், டாயல். திருப்பிப் போடு."

சீட்டு மறுபடி வாளிக்குள் விழுந்தது. வெர்லன் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். அவர் உதடுகள் ஏதோ தொடங்கின. அந்தக் கூடத்தில் அப்போது பேசியிருக்கலாம். ஆட்கள் இருந்தார்கள், அமைதி இருந்தது. ஆனால் வாழ்க்கையில் எல்லோர் முன்னாலும் அவர் வாய் திறந்தது ஒருமுறைதான், அதன் ருசி இன்னும் நாக்கில் இருந்திருக்கும். உட்கார்ந்துவிட்டார். அடுத்த சீட்டில் அவர் டாயலின் படகுக்கு விழுந்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் என்னை மறுபடி கடைக்குக் கூப்பிட்டார். எங்கள் போட்டி முடிவில் ஒரு வழக்கம் உண்டு. மீன் கொண்டுவந்தவர்கள் வரிசையாகத் தராசுக்கு வருவார்கள். எடை சொன்னதும் டாயல் மைக்கை நீட்டி, "என்ன போட்டுப் பிடிச்சே?" என்று கேட்பார். பிடித்தவன் கூட்டத்தின் முன்னால் ஒரு பொய் சொல்ல வேண்டும். வெறுங்கையர்கள் அந்த வரிசையில் நிற்பதில்லை. ஓரமாகப் படகைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

"ஒரே ஒரு மீன் வேணும், ஃபே," என்றார் வெர்லன். "அந்த மைக்குகிட்டப் போக. எதப் போட்டா நிச்சயமா ஒண்ணு கடிக்கும்?"

"நிச்சயம்ங்கறது இந்தச் சுவர்ல இல்ல."

"கிட்டத்தட்ட நிச்சயம்."

மிஸ் ஃபே யோசித்தார். "புழு. ஒண்ணாவது கடிக்கும். ஆனா பெருசா இருக்கும்னு சொல்ல முடியாது, சின்னதுங்களும் அதத் திங்கும். இப்ப பாசி தண்ணிமேல வந்து படுத்திருக்கு. தவளைய அதுமேல இழுத்தா நாளெல்லாம் ஒண்ணும் வராம இருக்கலாம். வந்தா அளவுக்குக் குறையாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒண்ணு மட்டும் கேளு. தவளைமேல பாஞ்சா ஒடனே இழுக்காதே. சத்தம் மொதல்ல வரும், வாய் அப்புறம்தான் மூடும். ஒரு மூச்சு விட்டுட்டு இழு," என்றார்.

வெர்லன் புழுவை எடுத்தார். தவளையும் அவரிடம் இருந்தது, ஆனால் அன்று அவர் முடிவு செய்தது புழு.

படகில் நடந்ததை டாயல் பிறகு எனக்குச் சொன்னார். தலையைக் குனியச் சொல்லி, கத்தரியைக் காதோரம் வைத்துக்கொண்டு சொன்னார். அதனால் நான் நடுவில் எதுவும் கேட்க முடியவில்லை.

வெர்லன் காலையிலிருந்து புழுவைத்தான் போட்டார். மிஸ் ஃபே சொன்னபடியே மீன்கள் கடித்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்தன. ஒவ்வொன்றையும் அளவுகோல்மேல் படுக்கவைத்து, வாலைக் கிள்ளி நீட்டிப் பார்த்தார். எல்லாம் குட்டை. முன்னால் டாயல் தவளையை வீசி நல்லதாக மூன்று எடுத்துவிட்டிருந்தார்.

"தவளையப் போடு, வெர்லன்."

"இதுல வரும்."

"இதுல பிள்ளைங்கதான் வரும்."

மதியத்துக்குப் பிறகுதான் தவளைக்கு மாறினார். பாசிமேல் அது குதித்துக் குதித்து வந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, திரும்ப வேண்டிய நேரம். ஓர் இடத்தில் பாசி பிளந்து, கதவை ஓங்கிச் சாத்தியது போல ஒரு சத்தம். வெர்லன் அந்தக் கணமே கம்பைப் பின்னால் வெட்டி இழுத்தார். தவளை காற்றில் பறந்து வந்து அவர் மார்பில் அடித்துக் கீழே விழுந்தது. பாசியில் ஒரு சட்டி அளவு ஓட்டை மட்டும் இருந்தது. கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது.

"அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

டாயலால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். பிடித்த மீன்களை உயிரோடு போட்டு வைக்கும் படகுத் தொட்டியைத் திறந்து, "இதுல ஒண்ண எடுத்துக்கோ. யாரு பாக்கறா" என்றார்.

வெர்லன் தொட்டிக்குள் நீந்தும் மீன்களைப் பார்த்தார்.

"இதுக்குத்தானே அந்த விதி," என்றார். "நான் சொந்தம்கூட இல்லியே, டாயல்."

மூடியை அவரே மூடினார்.

துறையில் நான் காத்திருந்தேன். அன்று நானும் வெறுங்கைதான். தராசு வைத்திருந்த மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. டாயல் தன் மீன்களை இன்னொருவரிடம் எடைக்குக் கொடுத்துவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டார். ஒருவன் எடை போட்டான். "என்ன போட்டுப் பிடிச்சே?" "என் மாமியார் சுட்ட பிஸ்கட்டு." சிரிப்பு. இன்னொருவன். "என்ன போட்டு?" "பிரார்த்தனை." சிரிப்பு. வெர்லன் மீன் கொண்டுவரும் பையைக் காலியாகக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வரிசையில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் வந்து நின்றது ஷேன். வேண்டுமென்றே இல்லை, படகைக் கட்டிவிட்டு வந்தவன் வரிசையின் கடைசியில் நின்றான், அங்கே அப்பாவின் முதுகு இருந்தது. அவன் பையில் தண்ணீரும் மீன்களும் கனத்தன.

வெர்லன் முறை வந்தது. தராசுக்காரர் கையை நீட்டினார். வைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"வெர்லன், வரிசை மாறி வந்துட்டியா," என்றார் டாயல். மைக்கில் கேட்டுவிட்டது. கூட்டம் சிரித்தது. "என்ன போட்டு ஒண்ணும் பிடிக்கல?"

இதற்கும் சிரித்தார்கள். வெர்லன் மைக்கை வாங்கிக்கொண்டார். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை, வயர்லெஸ்ஸைப் பிடிப்பது போல வாயோடு ஒட்டிப் பிடித்தார். அது கீச்சென்றது.

"மீன் இல்ல," என்றார். "நெல்டாவைப் பொதச்ச அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன். நீங்க அங்க இருந்தீங்க."

சிரிப்பு நின்றது. துறைக் கம்பத்தில் தண்ணீர் தட்டுவது கேட்டது.

"அவ செத்த அன்னைக்குக் காலைல ஷேன் போகலன்னுதான் சொன்னான். வாசல்லயே நின்னான். அவதான் அனுப்பினா. நீ இப்படி நின்னு என்னையே பாத்துட்டு இருந்தா எனக்கு மூச்சு முட்டுது, போய் மீனப் பிடிச்சிட்டு வான்னா. நான் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தேன். என் முன்னாலதான் சொன்னா." நிறுத்தினார். மைக்கைக் கை மாற்றிப் பிடித்தார். "தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன். அவளத் திட்ட முடியாம அவனத் திட்டினேன். அவ்வளவுதான்."

வயர்லெஸ்ஸில் சொல்வது போலச் சொன்னார்: "முடிஞ்சுது."

மைக்கை டாயலிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். டாயல், பேசாமல் இருந்தால் கை நடுங்குகிறவர், பேசவில்லை. ஷேன் ஒரு அடி முன்னால் வந்து பையைத் தராசில் வைத்தான். எடை சொல்லப்பட்டது. அன்றைக்கு அதுதான் அதிகம். யாரும் கைதட்டவில்லை, என்ன போட்டுப் பிடித்தாய் என்று யாரும் கேட்கவும் இல்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு துறையின் ஓரத்துக்கு நடந்தான். மீன்களைச் சாகவிடாமல் தண்ணீரில் விட வேண்டும், அதற்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. போகும் வழியில் வெர்லனுக்குப் பக்கத்தில் நின்றான்.

"என் காதுல விழுந்துச்சு," என்றான்.

வெர்லன் தலையசைத்தார். ஷேன் இன்னும் ஒரு கணம் நின்றான். அவன் பைக்குள் ஒரு மீன் புரண்டது. பிறகு போய் மண்டியிட்டு, ஒவ்வொரு மீனாக வாலைப் பிடித்து, அது தன் பலத்தில் நீந்தும்வரை முன்னும் பின்னும் ஆட்டி விட்டான். முடிந்ததும் படகை வண்டியில் கோத்துக்கொண்டு கிளம்பினான். திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் சீக்கிரமே கலைந்துவிட்டார்கள். கடையிலிருந்து வந்திருந்த மிஸ் ஃபே தராசை மடித்து எடுத்துக்கொண்டு போகும்போது வெர்லனின் தோளைத் தொட்டார். வெர்லன் தன் பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"காதுல விழுந்துச்சுன்னான்."

"ஆமா, சார்."

"வேற ஒண்ணும் சொல்லல."

"இல்ல."

"அதுக்கு என்ன அர்த்தம், தம்பி? நீ படிச்சவன்."

நான் யோசித்தேன். சொல்லக்கூடிய சில பதில்கள் இருந்தன. எல்லாம் பதினைந்து அங்குலத்துக்குக் குறைவாகத் தோன்றின.

"தெரியல, சார்," என்றேன்.

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்கள் விடப்பட்ட இடத்தில் தண்ணீர் மூடிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் சும்மா இருந்தது.

"அடுத்த வருசம் வாளில பேரு போடலாமா? அந்த விதி இருக்கே."

"போடலாம். ஆனா அவன் படகு கெடைக்காது. எப்பவும் வேற படகுதான்."

"வேற படகுதான்," என்றார். பின்கதவிலிருந்து இறங்கி, அதைச் சாத்தினார். ஒருமுறையில் சரியாகப் பூட்டவில்லை. மறுபடியும் சாத்தினார்.